பழைய கோழிக்கூண்டுல காடை விடணும்னா எதை உடைக்கணும், எதை வச்சுக்கணும்

கேள்வி இதுதான். கோழி வளர்த்துட்டு இருந்த ஒருத்தர்கிட்ட இருந்து பழைய மரக்கூண்டு ஒண்ணு வாங்கியாச்சு, 4 அடி நீளம், 2 அடி ஆழம், 4 அடி உயரம், மேல அடைய ஒரு சின்ன அறை, கீழ நடமாட வலை அடிச்ச இடம், நடுவுல ஏறி இறங்க சாய்வுப் பலகை. வலை அங்கங்க கிழிஞ்சிருக்கு, லேசா நாத்தம் வேற. இதை சரி பண்ணி 20 காடை விடலாமா, நல்லா கழுவி பெயின்ட் அடிச்சா போதுமா?

விடலாம், ஆனா கழுவி பெயின்ட் அடிச்சா போதாது. நானும் மொதல்ல அப்படித்தான் பண்ணேன், பச்சை கலர்ல பளபளன்னு ஒரு கூண்டு, பார்க்க அவ்ளோ அழகு, அதுக்குள்ள விட்ட காடைங்க பாதி ரெண்டே மாசத்துல போச்சு. ஏன் போச்சுன்னு ஒண்ணு ஒண்ணா கண்டுபிடிச்சப்பதான் ஒரு விஷயம் உறைச்சது: அந்தக் கூண்டுல ரிப்பேர்னு பார்த்தா கொஞ்சம்தான் இருந்துச்சு, உண்மையான பிரச்சனை அது வேற ஒரு பறவைக்காக கட்டின வீடுங்கறதுதான். கோழி சாயங்காலம் ஆனா தானா கூட்டுக்கு வரும், மேல ஏறும், குச்சில உக்காந்து தூங்கும், முட்டை போட மூலையில இருட்டான பெட்டி தேடும். காடை இதுல ஒண்ணு கூட பண்ணாது. அது தரையில வாழற பறவை, தரையிலயே தூங்கும், நிக்கற இடத்துலயே முட்டை போட்டுட்டு போயிட்டே இருக்கும், பொழுது சாஞ்சா வீட்டுக்கு வரணும்ங்கற நினைப்பே அதுக்கு கிடையாது, பயந்துச்சுன்னா நேரா செங்குத்தா மேல எகிறும். அதனால கூண்டைப் பார்க்கும்போது எங்க உடைஞ்சிருக்குன்னு பார்க்கறதுக்கு முன்னாடி இதுல எதெல்லாம் காடைக்குத் தேவையில்லன்னு பாருங்க. முட்டைப் பெட்டி, உக்கார்ற குச்சி, சாய்வுப் பலகை மூணையும் மொதல் நாளே கழட்டி வெளிய போடுங்க, யோசிக்கவே வேண்டாம். அழுக்கும் பூச்சியும் அதிகமா ஒளிஞ்சிருக்கறதும் அந்த மூணுலதான்.

கழட்டறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. வித்தவருகிட்ட ஃபோன் பண்ணி கோழி எல்லாம் என்ன ஆச்சுன்னு கேளுங்க. வித்துட்டேன், வயசாகி முட்டை நின்னுடுச்சு, இடம் மாறினோம்னா சரி. "திடீர்னு எல்லாம் செத்துடுச்சு"ன்னு சொன்னா அந்த மரக்கூண்டை மறந்துடுங்க, காசு போனா போகட்டும். அப்புறம், உங்ககிட்ட ஏற்கனவே வேற பறவை எது இருந்தாலும் இந்தக் கூண்டை அது பக்கத்துல கொண்டு போய் வைக்காதீங்க, தள்ளி ஒரு வெயில் படற இடத்துல வைங்க, கூண்டுல வேலை பார்த்துட்டு அதே செருப்போட அந்தப் பக்கம் போகாதீங்க.

அடுத்து ராத்திரி சோதனை. பகல்ல கூண்டு சுத்தமாத்தான் தெரியும். இருட்டினதும் டார்ச் எடுத்துட்டு போய் மரம் சேர்ற இடுக்கு, கீலுக்குப் பின்னாடி, குச்சி சொருகியிருந்த பள்ளம், கூரைத் தகரத்துக்கு அடியில இதெல்லாம் பாருங்க. ஒரு வெள்ளை டிஷ்யூ பேப்பரை இடுக்குல அழுத்தி இழுங்க. அதுல சிவப்பா கோடு விழுந்தா செள்ளுங்கற ரத்தம் குடிக்கற குட்டிப் பூச்சி இருக்குன்னு அர்த்தம். பசியோட இருக்கும்போது சாம்பல் நிறத்துல தூசி மாதிரி இருக்கும், ரத்தம் குடிச்சப்புறம்தான் சிவப்பு, அதனால சிவப்பு தெரியலன்னா இல்லன்னு முடிவு பண்ணிடாதீங்க, இடுக்குல மிளகுத்தூளும் உப்பும் கலந்து தூவின மாதிரி ஒரு பொடி இருந்தாலும் அதுதான். இந்தப் பூச்சி பறவை மேல குடியிருக்காது, பகல் முழுக்க மரத்துக்குள்ள இருந்துட்டு ராத்திரி வந்து ரத்தம் குடிச்சுட்டு திரும்ப ஒளிஞ்சுக்கும். பறவையே இல்லாம பல மாசம் தாக்குப் பிடிக்கும். "கூண்டு ஆறு மாசமா சும்மாதான் கிடந்துச்சு"ன்னு வித்தவர் சொல்றது நம்மள நிம்மதியாக்கறதுக்கு சொல்றது, செள்ளுக்கு அது ஒரு பெரிய விஷயமே இல்ல. கோழிக்கு அது தொல்லைன்னா 150, 200 கிராம் இருக்கற காடைக்கு உயிர் போற சமாச்சாரம், அவ்ளோ சின்ன உடம்புல ரத்தமே எவ்ளோ இருந்துடப் போகுது.

அப்புறம் மரம். ஒரு ஸ்க்ரூ டிரைவர் எடுத்து நாலு கால், அடிச்சட்டம், கதவோட கீழ்ப்பக்கம் எல்லாத்துலயும் குத்திப் பாருங்க. வெண்ணெய்ல இறங்கற மாதிரி இறங்கினா மரம் உளுத்துடுச்சு. ஒரு கால்னா வெட்டிட்டு புதுசு போடலாம், ரெண்டு வரைக்கும் கூட பார்க்கலாம், நாலும் அடிச்சட்டமும் போயிருந்தா கீல், தாழ்ப்பா, நல்ல தகரம் இதை மட்டும் கழட்டி வச்சுக்கிட்டு புதுசா ஒரு பெட்டி அடிக்கறதே சுலபம். பார்ட்டிகிள் போர்டுல (மரத்தூளை அழுத்தி ஒட்டின பலகை) செஞ்ச பாகம் ஏதாவது இருந்து அது ஊறி உப்பியிருந்தா கண்ணை மூடிட்டு தூக்கிப் போடுங்க, அதைக் கழுவினா இன்னும் உப்பும், சுத்தம் ஆகவே ஆகாது. ப்ளைவுட் ஓரம் பிரிஞ்சு அடுக்கு அடுக்கா தெரிஞ்சாலும் அதே கதைதான், ஒவ்வொரு அடுக்கும் செள்ளுக்கு ஒரு மாடி.

பழைய பெயின்ட் உரிஞ்சு செதில் செதிலா நிக்குதான்னு பாருங்க. ரொம்ப பழைய பெயின்ட்ல ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு, காடை கீழ விழற செதிலை கொத்தாம விடாது. எப்போ அடிச்ச பெயின்ட்னு தெரியலன்னா ஈயம் இருக்குன்னே வச்சுக்கிட்டு தண்ணி தெளிச்சு ஈரமா வச்சு சுரண்டுங்க, காஞ்ச பெயின்ட்ல சாண்ட் பேப்பர் போட்டு தூள் கிளப்பாதீங்க, சுரண்டினது எல்லாத்தையும் பழைய துணியில அள்ளி கட்டிப் போடுங்க. மரம் லேசா பச்சை சாயலா இருந்தா கெமிக்கல்ல ஊற வச்ச மரமா இருக்கலாம், பழசுல ஆர்செனிக் கலந்தது உண்டு. சட்டமா இருந்தா இருந்துட்டு போகட்டும், ஆனா வெட்டின துண்டை அடுப்புல எரிக்காதீங்க, அந்தத் தூளை கூண்டுக்குள்ள பரப்பாதீங்க. கரையான் வராம இருக்க கழிவு எஞ்சின் ஆயில் பூசியிருப்பாங்க சிலர், மோந்து பார்த்தாலே தெரியும், அந்தக் கட்டை பறவை இருக்கற பக்கம் வேண்டவே வேண்டாம்.

இப்ப சுத்தம் பண்ற வரிசை. இதுலதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க, நேரா பிளீச் ஊத்திடறாங்க. எச்சமும் தூசியும் ஒட்டியிருக்கற இடத்துல பிளீச் வேலையே செய்யாது, அந்த அழுக்கே அதை முழுங்கிடும். மொதல்ல முகத்துக்கு மாஸ்க் போட்டுக்கோங்க, காஞ்ச எச்சம் மேல லேசா தண்ணி தெளிங்க, தூசி பறக்கக் கூடாது, அந்த தூசில நுரையீரலுக்குப் போற பூஞ்சை, கிருமி எல்லாம் இருக்கும். ஸ்க்ரேப்பர் வச்சு சுரண்டி எடுங்க. அப்புறம் சோப்புத் தண்ணியும் கம்பி பிரஷும் வச்சு தேய்ச்சுக் கழுவி நல்லா அலசி காய விடுங்க. காஞ்சப்புறம் சூடு. கொதிக்கக் கொதிக்க தண்ணியை இடுக்கெல்லாம் ஊத்தலாம், ஸ்டீம் க்ளீனர் இருந்தா ரொம்ப நல்லது, ப்ளோ டார்ச் இருந்தா மரத்து இடுக்குல வேகமா ஓட விடலாம், ஒரே இடத்துல நிறுத்தாதீங்க, பக்கத்துல ஒரு வாளி தண்ணி வச்சுக்கோங்க. துத்தநாகப் பூச்சு இருக்கற வலை மேல மட்டும் நெருப்பை நிறுத்தாதீங்க, பூச்சும் போயிடும், அந்தப் புகையும் நமக்கு ஆகாது.

சூடு ஏன்னா, செள்ளோட முட்டைக்கும் அதுதான் வழி, கோழிக்கு ரத்தக்கழிச்சல் வர வைக்கற காக்சிடியா முட்டைக்கும் அதுதான் வழி, ரெண்டாவதை பிளீச் கொல்லாது. கோழியோட காக்சிடியா பொதுவா காடைக்குத் தாவாது, ஒவ்வொரு பறவைக்கும் அது அது தனி, அதனால அதை நினைச்சு ரொம்ப பயப்பட வேண்டாம். நான் பயப்படறது குடல்புண் நோய்க்கு. கோழிக்கும் வரும், ஆனா காடையை போட்டுத் தள்ளும், அதனாலயே அதுக்கு காடை நோய்னே ஒரு பேர் உண்டு. அந்தக் கிருமி விதை மாதிரி ஒரு ஓட்டுக்குள்ள போய் ரொம்ப நாள் உயிரோட கிடக்கும். பழைய கோழி எச்சத்தை ஒரு துளி கூட விடாம எடுக்கச் சொல்றது இதுக்குத்தான்.

அதுக்கப்புறம் பிளீச். வீட்டுல பயன்படுத்தற சாதா பிளீச் 1 பங்கு, தண்ணி 9 பங்கு, அப்பப்போ புதுசா கலக்கணும், தடவினப்புறம் 10 நிமிஷமாவது ஈரமா இருக்கணும், அப்புறம் அலசி வெயில்ல காய வைக்கணும். வினிகர் கூடவோ அம்மோனியா கூடவோ எந்தக் காரணத்துக்கும் கலக்காதீங்க, விஷ வாயு வரும். எச்சத்துலயே அம்மோனியா இருக்குங்கறதை மறக்காதீங்க, சுரண்டாம பிளீச் ஊத்தினா மூக்கு கண்ணு எரியறது அதனாலதான். ஒரு வாரம் கழிச்சு மறுபடியும் ஒரு தடவை கொதி தண்ணி. செள்ளு முட்டையில இருந்து பெரிசாக வெப்பமான நாள்ல ஒரு வாரம் போதும், மொத தடவை தப்பிச்ச முட்டையெல்லாம் அதுக்குள்ள பொரிஞ்சிருக்கும், அதுங்க அடுத்த முட்டை போடறதுக்கு முன்னாடி புடிக்கணும்.

காய்ஞ்சதும் இடுக்கெல்லாம் அடைச்சுடுங்க. மரப்பட்டி போட்டு மூடலாம், விரிசல் அடைக்கற புட்டி வைக்கலாம், கெட்டியா சுண்ணாம்பு கரைச்சு அடிச்சா சின்ன விரிசல்லாம் அதுவே மூடிக்கும். இடுக்கு குறைஞ்சா செள்ளுக்கு வீடு குறையும், அவ்ளோதான் கணக்கு.

இனி உயரம். உங்க கூண்டுல பெரிய பிரச்சனையே இந்த 4 அடிதான். காடை பயந்தா நேரா மேல பாயும்னு சொன்னேன் இல்லையா, அது சும்மா தாவல் இல்ல, ராக்கெட் மாதிரி போகும். கூரை 1 அடிக்குள்ள இருந்தா அதுக்கு வேகம் எடுக்க இடம் கிடைக்காது, லேசா முட்டிட்டு விட்டுடும். 6 அடிக்கு மேல இருந்தா பெரும்பாலும் கூரையத் தொடறதுக்குள்ள வேகம் குறைஞ்சுடும். நடுவுல 2 அடி, 3 அடி, 4 அடின்னு இருக்கு பாருங்க, அதுதான் மோசம், முழு வேகத்துல போய் மண்டையில முட்டி தோல் உரிஞ்சு, சில சமயம் கழுத்தே முறிஞ்சுடும். என்னோட பச்சைக் கூண்டுல காலையில போய்ப் பார்த்தா ஒண்ணு ரெண்டுக்கு தலையில ரத்தம், நான் மத்த காடை கொத்துதுன்னு நெனச்சு ஆண் காடையை எல்லாம் பிரிச்சு வச்சேன், காரணம் பார்த்தா ராத்திரி கூரை மேல பூனை குதிச்சுட்டு இருந்திருக்கு, சத்தம் கேட்ட ஒவ்வொரு தடவையும் எல்லாம் மேல பாய்ஞ்சிருக்கு.

உங்க அளவுக்கு தீர்வு சுலபம். 4 அடிங்கறது 48 இன்ச். அதை மூணு அடுக்கா பிரிச்சா ஒரு அடுக்குக்கு 16 இன்ச். அதுல 12 இன்ச் காடைக்கு, மீதி 4 இன்ச் எச்சம் விழற டிரேக்கும் சட்டத்துக்கும். ஒரு அடுக்கு 4க்கு 2, அதாவது 8 சதுர அடி. பண்ணைக் கூண்டுல ஒரு சதுர அடிக்கு 4, 5 காடை கூட அடைக்கறாங்க, வீட்டுல அப்படி வேண்டாம், ஒரு சதுர அடிக்கு ஒண்ணுன்னு வச்சா சண்டையும் குறையும் நாத்தமும் குறையும். மூணு அடுக்குல 24 ஆச்சு, உங்க 20 தாராளமா அடங்கும். ஆழம் 2 அடிங்கறது ரொம்ப நல்லது, அதுக்கு மேல இருந்தா 12 இன்ச் உயரத்துக்குள்ள கையை விட்டு பின்மூலையில இருக்கற முட்டையை எடுக்க முடியாது, தோள்பட்டை வரைக்கும் உள்ள போய் மாட்டிட்டு நிப்பீங்க. ஒவ்வொரு அடுக்குக்கும் கூரை மாதிரி வர்ற பக்கத்துல பலகைக்கு கீழ ஒரு இன்ச் விட்டு ஷேட் நெட்டோ பழைய துணியோ இறுக்கிக் கட்டிடுங்க, முட்டினாலும் மெத்தை மாதிரி தாங்கும். ஸ்பாஞ்ச், தெர்மாகோல் வைக்கறேன்னு போயிடாதீங்க, காடை அதை கொத்திக் கொத்தி முழுங்கும், எதுக்கு அதுல அவ்ளோ ஆசைன்னு இன்னும் எனக்கு புரியல.

அடுத்தது வலை. உங்க கூண்டுல இப்ப இருக்கறது மெல்லிசு அறுகோண வலையா இருக்கும், அதை கிழிஞ்ச இடத்துல மட்டும் ஒட்டுப் போடாதீங்க, முழுசா எடுத்துடுங்க. அந்த வலை கோழியை வெளிய போகாம வைக்கும், வெளிய இருந்து வர்றதை நிறுத்தாது. எலி அதுல சாவகாசமா நுழையும், நாய் கடிச்சு இழுத்தா பிரிஞ்சுடும், காடை தலையை வெளிய நீட்டும், நீட்டின தலையை பூனையோ வேற எதுவோ கவ்விடும். அரை இன்ச் கட்டம் இருக்கற வெல்டு மெஷ் வாங்குங்க, பூச்சு போட்டது. பெரிய பாம்பு, எலி, கீரி எல்லாத்துக்கும் அது போதும். சுண்டெலி அதுலயும் புகுந்துடும், அதனால குஞ்சு வளர்க்கற அடுக்கு இருந்தா அதுக்கு மட்டும் கால் இன்ச் போடுங்க, புதுசா பொரிஞ்ச காடைக்குஞ்சுக்கு காலும் அரை இன்ச் தரையில மாட்டிக்கும்.

வலையை ஸ்டேப்ளர் பின் மட்டும் அடிச்சு நிறுத்தினா கொஞ்ச நாள்ல இழுத்தா வந்துடும். பெரிய வாஷர் வச்சு ஸ்க்ரூ போடுங்க, இல்லன்னா வலை மேல ரீப்பர் கட்டையை வச்சு ஸ்க்ரூ போட்டு இறுக்குங்க, நாலு இன்ச்சுக்கு ஒண்ணு. வெட்டின கம்பி முனை ஒண்ணு கூட உள்பக்கம் நீட்டிட்டு இருக்கக் கூடாது, கையை உள்ள விட்டு நாலா பக்கமும் தடவிப் பாருங்க, உங்களுக்குக் கீறினா அதுக்கும் கீறும். புது வலையில துத்தநாகம் சொட்டுச் சொட்டா திரண்டு நிக்கும் சில இடத்துல, அதை காடை கொத்திடும், வினிகரைத் தடவி பிரஷ் போட்டு தேய்ச்சு கழுவிட்டு மாட்டுங்க. பிளீச் போட்ட அன்னிக்கே இந்த வேலையும் செய்யாதீங்க. வேலை முடிஞ்சதும் ஒரு காந்தம் எடுத்து கூண்டு உள்ளயும் சுத்தியும் தரையில ஓட்டுங்க. விழுந்து கிடக்கற பின்னு, கம்பித் துண்டு, சின்ன ஆணி எல்லாம் பளபளன்னு இருந்தா காடைக்கு தீனியாத்தான் தெரியும். எனக்கு நல்லா முட்டை போட்டுட்டு இருந்த ஒண்ணு காரணமே இல்லாம செத்துச்சு, அறுத்துப் பார்த்தா இரைப்பையில ஸ்டேப்ளர் பின்.

தரைக்கு வலையா பலகையான்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. வலைத்தரை போட்டா எச்சம் கீழ டிரேல விழுந்துடும், முட்டை சுத்தமா இருக்கும், முன்பக்கம் லேசா சரிவு கொடுத்தா முட்டை தானா உருண்டு வெளிய வந்து நிக்கும், 2 அடி ஆழத்துக்கு 2, 3 இன்ச் சரிவு போதும், அதுக்கு மேல போனா முட்டை வேகமா வந்து மோதி விரிசல் விடும். ஆனா எந்நேரமும் கம்பி மேல நின்னா காலுக்கு அடியில புண்ணு வரும், வலை தொய்ஞ்சிருந்தா சீக்கிரமே வரும். பலகைத்தரைல மரச்சுருளோ உமியோ போட்டா காலுக்கு நல்லது, காடையும் சந்தோஷமா கிளறும், ஆனா நீங்க சோம்பேறியா இருந்தா ரெண்டு வாரத்துல நாத்தம் தாங்காது. நான் இப்ப பண்றது கலப்படம்: முக்கால்வாசி வலை, ஒரு ஓரத்துல பலகை, அந்தப் பலகை மேல மணல் போட்ட ஒரு தட்டு. காடைக்கு தண்ணி குளியல் கிடையாது, மண்ணு குளியல்தான், அது இல்லாம இறகும் சுத்தம் ஆகாது பேனும் போகாது. அந்த மணல் தட்டுல உருளறதை ஒரு தடவை பார்த்தீங்கன்னா வேற வேலை ஓடாது.

ஒரு முக்கியமான விஷயம், கடைசி அடுக்கோட வலைத்தரை திறந்தவெளிக்கு நேரா மேல இருக்கக் கூடாது. எலி கீழ இருந்து நின்னு காடையோட காலை வலை வழியா கடிச்சு இழுக்கும். கேக்கவே கஷ்டமாத்தான் இருக்கும், நடந்திருக்கு, அந்தப் பச்சைக் கூண்டுலதான். கீழ ஒரு தகர டிரேயோ இன்னொரு வலையோ நாலு இன்ச் இடைவெளி விட்டு கட்டாயம் இருக்கணும். கூண்டு தரையில இருந்து 2 அடியாவது உயரமா நிக்கட்டும். எறும்புத் தொல்லை இருக்கற இடம்னா ஒவ்வொரு காலையும் தண்ணி ஊத்தின கிண்ணத்துல நிறுத்துங்க, கூண்டு செவுத்தை தொடாம இருக்கணும், ஒரு இலை சாஞ்சிருந்தா கூட எறும்பு அது வழியா பாலம் போட்டு வந்துடும், சின்னக் குஞ்சுங்களை ஒரே ராத்திரில முடிச்சுடும்.

கதவு. கோழிக்கூண்டுக் கதவு ஆள் பாதி நுழையற மாதிரி பெரிசா இருக்கும். அதைத் திறந்த ஒரு நொடில ஒரு காடை உங்க காதை உரசிட்டு பறந்திருக்கும், அவ்ளோதான், போனது போனதுதான், தீனியைக் காட்டி கூப்பிட்டா வர்ற ஜாதி இல்ல அது. ஒவ்வொரு அடுக்குக்கும் 8 இன்ச்சுக்கு 8 இன்ச் சின்னக் கதவு, கை நுழைஞ்சா போதும். மேல தூக்கற மாதிரியோ பக்கவாட்டுல நகர்ற மாதிரியோ வச்சா ஒரு கையால சமாளிக்கலாம். உள்பக்கம் கோடு கோடா வெட்டின தடித்துணியை திரை மாதிரி தொங்க விட்டா இன்னும் நல்லது. தாழ்ப்பாவை சும்மா கொக்கியா வைக்காதீங்க, தூக்கினா திறந்துக்கறதெல்லாம் மரநாய் கத்துக்கும், ஸ்ப்ரிங் கொக்கியோ சின்னப் பூட்டோ போடுங்க.

கூரைத் தகரம் ஓட்டையா இல்லையான்னு பார்க்க உள்ள தலையை விட்டு மேல பாருங்க, பகல் வெளிச்சம் புள்ளி புள்ளியா தெரிஞ்சா அது மழையில சொட்டும். ஸ்க்ரூ போட்ட இடத்துல ரப்பர் வாஷர் காஞ்சு போயிருக்கும், அதை மாத்தினாலே பாதி ஒழுக்கு நிக்கும். வெறும் தகரம் மட்டும் இருந்தா வெயில்ல அடுப்பு மாதிரி கொதிக்கும், ராத்திரி குளிர்ல வேர்த்து சொட்டும், அதனால அடியில ஒரு ப்ளைவுட் கொடுத்து நடுவுல ரெண்டு இன்ச் காத்து போக விடுங்க. கூரை முன்பக்கத்தை விட பின்பக்கம் தாழ்வா, சுத்தி அரை அடி நீட்டி இருக்கட்டும். காடை கொஞ்சம் குளிரைத் தாங்கிக்கும், காஞ்சு இருந்தா போதும், ஆனா ஈரமும் அடைஞ்ச காத்தும் அதுக்கு ஆகவே ஆகாது. ரெண்டு பக்கம் மூடி, முன்பக்கம் திறந்து, பின்பக்கம் கூரையை ஒட்டி ஒரு நாலு இன்ச் வலை விட்டா சூடும் அம்மோனியாவும் மேல வழியா போயிடும், காத்து நேரா பறவை மேல அடிக்காது. சரியா இருக்கான்னு பார்க்க காலையில மூஞ்சியை காடை நிக்கற உயரத்துக்குக் கொண்டு போய் ஒரு மூச்சு இழுங்க, உங்க கண்ணு எரிஞ்சா அதுங்க ராத்திரி முழுக்க அதுலதான் இருந்திருக்கு.

தீனியும் தண்ணியும் கூண்டுக்கு வெளிய மாட்டறது நல்லது. காடை தீனியை வாயால வாரி இறைக்கும், பாதி வீணாப் போகும். முன்பக்க வலையில ஒண்ணே கால் இன்ச் அகலத்துக்கு செங்குத்தா கம்பியை விட்டு தலை மட்டும் வெளிய வர்ற மாதிரி வெட்டி, வெளிய பிவிசி பைப்பை நீளவாக்குல பாதியா அறுத்து தொட்டியா மாட்டுங்க. அந்த இடத்துல ஒன்றரை இன்ச் தாண்டினா ஒல்லி காடை உடம்போட வெளிய வந்துடும், என்கிட்ட ஒண்ணு தினமும் காலையில கூண்டு மேல நின்னுட்டு இருந்துச்சு, எப்படி வந்துச்சுன்னு கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆச்சு. தண்ணிக்கு கொத்தினா சொட்டற நிப்பிளோ சின்ன கப்போ. குஞ்சு விடறதா இருந்தா திறந்த தட்டு வைக்காதீங்க, அதுலயே விழுந்து செத்துடும், வேற வழி இல்லன்னா தட்டு நிறைய கூழாங்கல்லோ கோலிக்குண்டோ போட்டு இடுக்குல மட்டும் தண்ணி நிக்கற மாதிரி வைங்க.

இப்ப பெயின்ட். வெளிப்பக்கம் மட்டும், தண்ணியில கரையற பெயின்ட், உள்ள வேண்டாம், உள்ள சுண்ணாம்பு போதும். வாசனை சுத்தமா போற வரைக்கும், ஒரு வாரமோ பத்து நாளோ, காத்தாட விடுங்க. பறவையோட நுரையீரல் நம்மளோடது மாதிரி இல்ல, நமக்கு லேசா தெரியற வாசனை கூட அதுக்கு அதிகம்.

வைக்கற இடம் பத்தி ஒரே ஒரு எச்சரிக்கை. ராத்திரி தெரு விளக்கு வெளிச்சம் நேரா விழற இடம்னா ஆண் காடை நடுராத்திரிலயும் கத்தும், உங்களுக்கு பழகிடும், பக்கத்து வீட்டுக்குப் பழகாது. முட்டைக்கு ஒரு நாளைக்கு 14ல இருந்து 16 மணி நேரம் வெளிச்சம் வேணும்தான், பகல் குறைவான காலத்துல ஒரு சின்ன பல்பு டைமரோட போட்டுக்கலாம், அதுக்கு மேல இருட்டா விடுங்க. ஒயரை வலைக்கு வெளியிலயே கொண்டு போங்க, எலி கடிக்காத மாதிரி பைப்புக்குள்ள.

எல்லாம் முடிஞ்சா 20ஐயும் ஒரே நாள்ல விடாதீங்க. ஒரு அடுக்குல மட்டும் ஒரு 5, ஒரு ஆண் நாலு பெண், ஒரே இடத்துல வாங்கினது ஒரே வயசுல. ஆண் பெண் பார்க்கறது மூணு வாரத்துக்கு மேல சுலபம், சாதாரண பழுப்புக் காடைல நெஞ்சு செம்பழுப்பா ஒரே நிறமா இருந்தா ஆண், புள்ளி புள்ளியா இருந்தா பெண். ஆண் அதிகமானா பெண்ணோட முதுகும் தலையும் மொட்டையாயிடும், அப்புறம் கூண்டைக் குறை சொல்லி பிரயோஜனம் இல்ல. கூடவே பழைய அட்டைப்பெட்டியோட நெளி நெளியா இருக்கற அட்டையை விரல் நீளத்துக்கு வெட்டி அஞ்சாறு இடத்துல, காடைக்கு எட்டாத மாதிரி மூலை இடுக்குல சொருகி வைங்க. செள்ளு மிச்சம் இருந்தா ரத்தம் குடிச்சுட்டு ஒளியறதுக்கு அந்த நெளிக்குள்ளதான் மொதல்ல போகும். ஒரு வாரம் கழிச்சு எடுத்து வெள்ளைத் தாள் மேல தட்டிப் பாருங்க. ஒண்ணும் விழலன்னா அட்டையை எரிச்சுட்டு புதுசு சொருகி இன்னொரு வாரம், அதுலயும் இல்லன்னா மீதி 15ஐ விடலாம். சின்னதா ஏதாவது ஓடுச்சுன்னா அந்த அஞ்சையும் ஒரு அட்டைப்பெட்டிக்கு மாத்திட்டு மறுபடியும் கொதி தண்ணியில இருந்து ஆரம்பிங்க, ஒரு வாரம் விட்டு ரெண்டாவது தடவையும் சேர்த்து.